வன்மரத்தின் விலை ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்? – மலேசியச் சூழலில் ஒரு விளக்கம்

கிள்ளான் வட்டாரத்தில் தச்சுத்தொழில் செய்துவரும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கோயில் ஒன்றின் வாயிலுக்கு நிலையும் இரட்டைக் கதவும் செய்து தர ஒப்புக்கொண்டார். மரம் செங்காலாக இருத்தல் வேண்டும் என்பது கோயில் நிருவாகத்தாரின் விருப்பம். நண்பர் தாம் வழக்கமாக வாங்கும் கடையில் விலை கேட்டார். பிறகு திரங்கானுவிலுள்ள மர அறுவை ஆலை ஒன்றிலும் கேட்டார். அங்குச் சொல்லப்பட்ட விலை ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதனை நம்பியே கோயிலாருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தபோது அவருக்குக் கூலி மிஞ்சவில்லை. ஆலைக்காரர் ஏமாற்றினாரா என்றால், இல்லை. சொன்ன மரத்தைச் சொன்ன விலைக்கே கொடுத்தார். நண்பர் ஒப்பிட்டுப் பார்த்த இரு விலைகளும் ஒரே பொருளின் விலைகளாக இல்லை என்பதே நிகழ்ந்த பிழையாகும்.

இப்பிழை அவர் ஒருவருக்கே உரியதன்று. கிழக்குக் கரையில் மரம் மலிவு, கோலாலம்பூரில் விலை அதிகம், சிங்கப்பூரில் இன்னும் அதிகம் என்று பொதுவாகப் பேசப்படுகிறது. தூரமும் வணிகரின் இலாபமுமே அதற்குக் காரணம் எனவும் கருதப்படுகிறது. இவ்விரண்டிற்கும் பங்கு உண்டு. எனினும் அவற்றைவிட ஆழமான காரணங்கள் உள்ளன. அவற்றை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரையில் முற்படுகிறோம். விலைப்பட்டியல் தருவது நம் நோக்கமன்று. அது மாதந்தோறும் மாறக்கூடியது. விலை எவ்வாறு உருவாகிறது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

வன்மரம் என்பது எது?

தொல்காப்பிய மரபியல், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் எனவும் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் எனவும் பிரித்துரைக்கின்றது. அவ்வாறு நோக்கின் தேக்கும் வேங்கையும் மரமாகும். தென்னையும் மூங்கிலும் புல்லாகும். மர வணிகத்தாரோ 'வன்மரம்' என்று கூறும்போது வயிரத்தைக் கருதுவதில்லை. அகன்ற இலைகளை உடைய, பூத்துக் காய்க்கும் மரங்கள் யாவும் அவர்களுக்கு வன்மரமே. ஊசியிலை மரங்கள் மென்மரம். எனவே நகத்தால் கீறினாலே தடம் விழும் ஜெலுத்தோங் மரமும் வன்மரப் பட்டியலில் இடம்பெறுகின்றது.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே மலேசியாவில் வன்மரங்கள் மேலும் மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. காற்றில் உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு 800 முதல் 1,120 கிலோகிராம் வரை எடையுள்ளவை கனத்த வன்மரங்கள். 720 முதல் 880 வரை உள்ளவை நடுத்தர வன்மரங்கள். 400 முதல் 720 வரை உள்ளவை இலேசான வன்மரங்கள். முதலிரண்டின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் காணலாம். எடையோடு, மருந்தூட்டாமலேயே மழையையும் கறையானையும் தாங்கும் இயல்பும் கருதப்படுவதே இதற்குக் காரணம். செங்காலும் பாலாவும் கனத்தவை. கெம்பாஸ், கெருயிங், காப்பூர் ஆகியவை நடுத்தர வகையின. மெராந்தி, ஞாத்தோ, ஜெலுத்தோங், இரப்பர் ஆகியவை பெரும்பாலும் இலேசானவை.

காப்பூர் மரம் பற்றி இவ்விடத்தில் ஒன்று கூறுதல் தகும். நம் இல்லங்களில் பச்சைக் கற்பூரம் எனப் போற்றப்பட்ட பொருள் பண்டு இம்மரத்தினுள் விளைந்த படிகமேயாகும். சுமத்திராவின் பாருஸ் பகுதியில், லோபு துவா என்னுமிடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற துறை அது. இவ்வட்டாரத்து மரத்தின் விளைபொருளுக்கு ஊருக்கு ஊர் விலை வேறுபடும் என்பதை அறிந்தே அவர்கள் கடல் கடந்திருக்க வேண்டும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

விலையை ஒப்பிடுவதற்கு முன்னர்ப் பெயரை ஒப்பிட வேண்டும். செங்கால் மரம் தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்தின் தென்பகுதியிலும் மட்டுமே வளர்வது. சரவாக்கில் அதன் இடத்தை வகிப்பது பெலியான் எனப்படும் போர்னியோ இரும்பு மரம். தூணுக்கும் கூரை ஓட்டுக்கும் அங்கு அதுவே புகழ்பெற்றது. ஆகவே, சரவாக்கில் செங்காலின் விலை என்ன என்று கேட்பது, நெய்தல் நிலத்தில் குறிஞ்சிப்பூவின் விலை கேட்பதை ஒக்கும்.

இதற்கு மாறாக, ஒரே மரம் இருவேறு பெயர்களில் விற்கப்படுவதும் உண்டு. தீபகற்பத்தில் பாலாவ் எனப்படுவது சபாவிலும் சரவாக்கிலும் செலாங்கான் பத்து எனப்படும். தீபகற்பத்துச் செம்மெராந்தி சபாவில் செராயா எனப்படும். இவையெல்லாம் தனி மர இனத்தின் பெயர்களும் அல்ல. ஷோரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்களை வணிகர்கள் ஒரு பெயரின்கீழ்த் தொகுத்துள்ளனர். ஆதலால் ஓர் ஊரின் மெராந்தி கருஞ்சிவப்பாகவும் கனமாகவும், மற்றோர் ஊரின் மெராந்தி வெளிறிய நிறத்தில் இலேசாகவும் இருத்தல் கூடும்.

இவற்றுள் தச்சருக்குப் பேரிழப்பை உண்டாக்கக்கூடியது பாலாவ் என்னும் பெயரே. பாலாவும் செம்பாலாவும் வெவ்வேறு தொகுதிகள். செம்பாலாவும் கனமானதே, ஆயினும் வெயில் மழைகளைத் தாங்குவதில் பாலாவுக்கு நிகராகாது. விலைச்சீட்டில் வெறுமனே 'பாலாவ்' என்று எழுதி, விலை மட்டும் குறைவாக இருப்பின், எந்தப் பாலாவ் என்று கேட்டறிதல் வேண்டும். இந்தியச் சந்தையில் இக்குழுவைச் சேர்ந்த மரங்கள் 'மலேசிய சால்' என்னும் மூன்றாவது பெயரைப் பெறுகின்றன. அங்குள்ள உறவினர் கூறும் விலையை இங்குள்ள விலையோடு ஒப்பிட முனைவோர் முதலில் இப்பெயர் மாற்றத்தை அறிந்திருத்தல் நலம்.

காடு மாநிலத்தின் சொத்து

மலேசியாவில் மரத்தின் விலை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதற்கு அடிப்படையான காரணம் அரசமைப்புச் சட்டத்திலேயே உள்ளது. அதன் ஒன்பதாம் அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைக்கின்றது. பத்தாம் அட்டவணை காட்டு வருவாயையும் மாநிலங்களுக்கே உரியதாக்குகின்றது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் தீபகற்ப மாநிலங்களுக்குப் பொதுவான நெறிகளை வகுத்த போதிலும், எந்தக் காட்டை எப்போது திறப்பது, எவருக்கு உரிமம் வழங்குவது, உரிமத்தொகையாக எவ்வளவு பெறுவது என்பனவற்றை மாநில அரசே முடிவு செய்கின்றது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. மரத்தின் மீதான ஏற்றுமதி வரியும் அவற்றுக்கே உரியது. எனவே, மரம் சாய்வதற்கு முன்னரே அதன்மேல் மாநிலத்திற்கு ஒரு விலை ஏறிவிடுகின்றது. எல்லைக்கு இருபுறமும் ஒரே மலைத்தொடரில், ஒரே இன மரம் இரு வேறு செலவுகளோடு பிறக்கின்றது எனலாம்.

அடுத்துக் கருதத்தக்கது ஏற்றுமதித் தடை. தீபகற்பத்தில் 1972ஆம் ஆண்டு பத்து வகை மரங்களின் தடிகளை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 1985இல் எல்லா வகைத் தடிகளுக்கும் அத்தடை விரிந்தது. அறுத்த மரமாகவோ மரப்பொருளாகவோதான் வெளியே செல்லலாம் என்பதால், தடிகள் உள்நாட்டு ஆலைகளுக்கே வந்தன. சரவாக்கில் ஒதுக்கீட்டு முறையில் தடி ஏற்றுமதி தொடர்ந்தது; இந்தியா அதன் பெரிய வாடிக்கையாளராக விளங்கியது. அயல்நாட்டார் தடிக்குக் கொடுக்கும் விலையோடு போட்டியிட வேண்டிய ஆலைக்கும், அத்தகைய போட்டி இல்லாத ஆலைக்கும் விலை ஒன்றாக இருக்க இயலாது. சபாவோ 1993இல் தடை விதித்து, பின்னர்த் தளர்த்தி, 2018இல் மீண்டும் தடை செய்தது. அரசாணை ஒன்று விலையின் திசையை ஒரே இரவில் மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இரு நிலப்பகுதிகளுக்கும் இடையே கடல் உள்ளது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே மலேசியக் கப்பல்களே சரக்கு ஏற்றலாம் என்னும் விதி 1980 முதல் நடப்பில் இருந்தது. சபா, சரவாக், லாபுவான் ஆகியவற்றுக்கு 2017 சூன் முதல் விலக்கு அளிக்கப்பட்டது. விதி தளர்ந்தபோதும் கடல் கடலாகவே உள்ளது. ஒரு கொள்கலன் நிறைய வாங்கும் ஆலைக்கு அச்செலவு பல துண்டுகளாகப் பிரிந்துவிடும். பத்துப் பலகை வேண்டும் தச்சர் சரவாக் மரத்தை அங்கிருந்து நேரே தருவிக்க இயலாது. கிடங்குக்காரர் வைத்திருப்பதைத்தான் வாங்க இயலும்.

தீபகற்பத்தின் உள்ளேயும் இதே நிலையைக் காணலாம். பகாங், கிளந்தான், திரங்கானு, பேராக் ஆகியவை காடு மிகுந்த மாநிலங்கள். வாங்குவோர் மிகுதியும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூரிலும் உள்ளனர். திரங்கானுவின் டூயோங் தீவில் செங்கால் பலகைகளைக் கொண்டு மரக்கலம் கட்டும் மரபு இருப்பதற்கு அம்மரம் அருகிலேயே கிடைத்தது ஒரு காரணம்.

ஒரு டன் என்பது எவ்வளவு?

அளவை பற்றிய செய்தி எளியது. ஆனால் பெரும்பாலான தவறுகள் இங்குதான் நிகழ்கின்றன. மலேசிய மர வணிகத்தில் 'டன்' என்பது எடையைக் குறிப்பதன்று. அறுத்த மரத்தில் ஒரு டன் என்பது 50 கன அடி, அதாவது ஏறத்தாழ 1.416 கன மீட்டர். ஒரு டன் செங்கால் சுமார் 1,300 முதல் 1,390 கிலோகிராம் எடை இருக்கும். ஒரு டன் ஜெலுத்தோங் 600 முதல் 700 கிலோகிராம் வரைதான் இருக்கும். அறுக்காத தடிக்குப் பழைய ஹோப்பஸ் டன் என்னும் வேறோர் அளவை உண்டு, அது 1.803 கன மீட்டர். அமெரிக்க மரம் விற்போர் 'போர்டு அடி' என்று கூறுவது ஒரு கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் டன் ஒன்றில் 600 போர்டு அடி அடங்கும்.

கணக்கிற்காக ஓர் ஊரில் டன் 4,200 ரிங்கிட் எனவும், மற்றோர் ஊரில் கன மீட்டர் 3,100 ரிங்கிட் எனவும் வைத்துக்கொள்வோம். இரண்டாவதே மலிவு என்று தோன்றும். கன அடிக்கு மாற்றிப் பார்த்தால் முதலாவது 84 ரிங்கிட். இரண்டாவது ஏறத்தாழ 88 ரிங்கிட்.

இனி, பெயரளவு வேறு, மெய்யளவு வேறு. 2 அங்குலம் கனமும் 6 அங்குலம் அகலமும் உடையது எனக் கணக்கிட்டு விற்கப்படும் பலகை, இழைத்த பின் 45 மில்லிமீட்டர் கனமும் 145 மில்லிமீட்டர் அகலமுமாக நிற்குமாயின், நாம் பணம் கொடுத்த மரத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு சீவலாகப் போயிற்று என்பது பொருள். இழைக்காத பலகையின் விலையையும் இழைத்த பலகையின் விலையையும் ஒப்பிடுவோர் இந்தச் சீவலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈரமும் காலமும்

நம் நண்பரின் கூலியை விழுங்கியது இதுவே. திரங்கானுவிலிருந்து வந்தது அண்மையில் அறுத்த ஈர மரம். உள்ளூர்க் கடையிலிருந்தது நெடுங்காலம் அடுக்கி உலர்த்திய மரம். செங்கால் மெல்லவே உலரும். கனத்த துண்டாயின் பல மாதங்கள் ஆகும். அவசரப்படுத்தினால் முனைகள் வெடிக்கும். இந்நாட்டின் ஈரக்காற்றில் திறந்தவெளி மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரூட்டிய அறையில் அது மேலும் குறையும். சந்தை முகப்பில் காய்ந்ததாகத் தோன்றும் பலகை, வங்கி அலுவலகத்தின் மேசையானதும் சுருங்கி இடைவெளி விடுவது இதனாலேயே. உலர்த்துசூளையில் இட்டுப் பக்குவம் செய்யப்பட்ட மரத்திற்கு விலை கூடுவது, எரிபொருளுக்கும் இடத்திற்கும் முடங்கிக் கிடக்கும் முதலுக்கும் கூலி சேர்வதால்தான்.

கணக்கை முழுமையாகப் பார்ப்போம். உள்ளூர் விலையைக் கன அடிக்கு 100 எனக் கொண்டால் ஆலை விலை 80. அவருக்குத் தேவைப்பட்டது 30 கன அடி: நிலைக்கு 18, கதவுக்கு 12. உள்ளூரில் வாங்கியிருந்தால் செலவு 3,000. ஆலையோ ஒரு டன்னுக்குக் குறைவாகத் தர ஒப்பவில்லை. எனவே 50 கன அடிக்கு 4,000. சரக்குந்துக்கு 300. நிலையைச் சற்று ஈரமான மரத்தில் செய்தாலும் பாதகமில்லை. கதவின் சட்டங்களை அவ்வாறு செய்ய முடியாது. கும்பாபிஷேக நாளோ குறிக்கப்பட்டுவிட்டது. ஆகவே கதவுக்கு உரிய 12 கன அடியை உள்ளூரிலேயே மீண்டும் வாங்கினார், அது 1,200. மொத்தம் 5,500. கையில் மிஞ்சியது 32 கன அடி. அதில் ஆறு அடி வெளிறும் வெடிப்புமாகக் கழிந்தது.

எஞ்சிய 26 கன அடி உலர்ந்த பிறகு உள்ளூர் விலைப்படி 2,600 பெறும். அதனைக் கழித்தால் நிகரச் செலவு 2,900. உள்ளூரில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய 3,000ஐவிட அது சற்றே குறைவு! ஊர்களுக்கிடையே நிலவிய ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு, பக்குவம் செய்த பின் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்தச் சிறு இலாபமும் காத்திருக்க இடமும் முதலும் உடையவருக்கே கிட்டும். விலை வேறுபாட்டில் பெரும்பகுதி காத்திருத்தலின் கூலி என்பதே நம் கருத்து. சிறு தச்சரிடம் இல்லாதது திறமையன்று. இரண்டாண்டு காலம் பணத்தைப் பலகையாக அடுக்கிவைக்கும் வசதிதான்.

பால்மரத்தின் கதை

மலேசியத் தமிழருக்கு மிக நெருங்கிய வன்மரம் இரப்பரே. தலைமுறை தலைமுறையாக நாம் அதனைப் பாலுக்காகவே அறிந்தோம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் சீவிய பின் வெட்டிச் சாய்க்கப்படும் மரம் தோட்டத்திலேயே எரிக்கப்பட்டது. அல்லது புகைக்கூடத்திற்கும் செங்கற்சூளைக்கும் விறகாயிற்று. 1960களின் இறுதியில் பிறை நகரில் தொடங்கப்பட்ட மலாயாவாத்தா எஃகு ஆலையின் உலைக்கு இரப்பர் மரக்கரி பயன்பட்டது. பலகையாக அதற்கு மதிப்பு இருக்கவில்லை. வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படர்வதும் வண்டு துளைப்பதும் அதன் குறைகள். உடனடியாக அறுத்து, அழுத்தத்தில் போரான் மருந்தூட்டிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே அது தளவாட மரமாக உயர்ந்தது. இன்று மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பாக அது விளங்குகின்றது. ஜொகூரின் மூவார் நகரம் அத்தொழிலின் தலைமையிடம்.

இம்மரத்தின் வட்டார விலையை முடிவு செய்வது காடன்று. மருந்தூட்டும் ஆலை எவ்வளவு அருகில் உள்ளது என்பதே. ஆலைக்கு எட்டாத தொலைவில் வெட்டப்படும் இரப்பர் மரம் இன்றும் விறகு விலைக்கே போகக்கூடும். அத்துடன், தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதால் வெட்டுவதற்குரிய மரமும் குறைந்தது. தட்டுப்பாட்டைக் கருதி 2017 சூலை முதல் அறுத்த இரப்பர் மரத்தின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தொழிற்சாலைகளின் நலன் காக்கப்பட்டது. சிறு தச்சரின் நிலை வேறு: தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கிவிடுவதால், திடமான இரப்பர் பலகை சில்லறைக் கடைக்கு வருவது குறைவு. மரத்தின் அடிப்பகுதி குட்டையாதலால் பலகையும் குட்டையே. துண்டுகளை விரல்கோப்பாக இணைத்து ஒட்டிய அட்டைப் பலகையாகவே அது அவர் கைக்கு எட்டுகின்றது. அதிகாலையில் அம்மரத்தைச் சீவியவரின் பேரன், அதே மரத்தைத் தாளில் சுற்றிய மேசையாக விலை கொடுத்து வாங்குகிறான்.

சிங்கப்பூரும் அயல் மரமும்

சிங்கப்பூரில் வெட்டுவதற்குக் காடு இல்லை. எனினும் 1970களில் மலேசிய, இந்தோனேசியத் தடிகளை வாங்கி அறுத்தும் ஒட்டுப்பலகையாக்கியும் விற்ற பெரிய மையமாக அது திகழ்ந்தது. சுங்கை காடுட் தொழிற்பேட்டை அதனால் பெயர்பெற்றது. அண்டை நாடுகள் தடி ஏற்றுமதியை நிறுத்தியபோது அந்த அடித்தளம் சரிந்தது. 2020இல் அப்பேட்டையையே புதுத் தொழில்களுக்காகச் சீரமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று அங்கு விற்கப்படும் பலகையின் விலையில் நிலத்தின் வாடகையும் அடங்கியுள்ளது. ஆயினும் அங்கு வாங்குவோர் பெறும் பயன் ஒன்று உண்டு. ஒரே ஒரு பலகையை, உலர்த்தி, அளந்து, வேண்டிய நீளத்தில் வெட்டித் தருவோர் உள்ளனர். கன அடிக்கு விலை அதிகமாயினும் கழிவு குறைவு.

அமெரிக்க வெள்ளை ஓக் போன்ற அயல் மரங்களில் தர அளவை மிகத் தெளிவு. 1898இல் நிறுவப்பட்ட தேசிய வன்மரப் பலகைச் சங்கத்தின் விதிப்படி, 'எஃப்.ஏ.எஸ்.' எனப்படும் உயர்தரப் பலகையில் குறைந்தது 83⅓ விழுக்காடு குறையற்ற துண்டுகளாகக் கிடைக்க வேண்டும். 'முதல் எண் பொதுத்தரம்' எனில் 66⅔ விழுக்காடு. மலேசியாவிலும் பிரைம், செலக்ட், ஸ்டாண்டர்டு என வகுக்கும் தர விதிகள் உள்ளன. ஆனால் அவை ஏற்றுமதிச் சரக்கில் பின்பற்றப்படும் அளவுக்கு ஊர்க்கடையில் பின்பற்றப்படுவதில்லை. அங்குப் பெரும்பாலும் 'நல்ல மரம்', 'சாதா மரம்' என்னும் இரண்டு தரங்களே வழங்குகின்றன. இவ்வாறு தரம் சொல்லப்படாத இடங்களில் விலைகளை ஒப்பிடுவது, மூட்டையைப் பிரிக்காமல் அரிசி வாங்குவது போன்றதாகும்.

நம் நண்பர் இப்போது விலை கேட்பதற்கு முன்னர் நான்கு வினாக்களை வினவுகின்றார்: மரத்தின் முழுப்பெயர் யாது, டன்னா கன மீட்டரா, இழைத்ததா இழைக்காததா, அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று. மிஞ்சிய 26 கன அடிச் செங்காலை அவர் விற்கவில்லை. பட்டறையின் பின்புறத்தில், இடையிடையே சிறு சட்டம் வைத்து, மழை படாமல் அடுக்கி, ஒவ்வொரு பலகையின் முனையிலும் அடுக்கிய நாளைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கின்றார். அடுத்த கோயில் வேலைக்கு அதிலிருந்தே மரம் எடுத்தார்.